நெல்லையிலிருந்து கப்பல் வாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகள் எல்லாம் வெளியூர், வெளிநாடு என்று போய்விட்ட பிறகு, "வீட்டைப் பூட்டிவிட்டு உல்லாசக் கப்பலிலேயே குடியேறிவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் பாளையங்கோட்டையிலும் தென்காசிப் பக்கத்திலும் இருக்கிறார்கள். இந்தப் பதில்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கானவை. அமெரிக்கர்களும் பிரிட்டன்காரர்களும் எழுதும் குறிப்புகளை அப்படியே நம்பிக் கிளம்பினால் முதல் துறைமுகத்திலேயே சிக்கல் வரும்.

வருடம் முழுக்கக் கப்பலிலேயே குடியிருக்க உண்மையில் முடியுமா?

முடியும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, குடியிருப்புக் கப்பலில் வீடு வாங்குவது. 2002-இல் ஓடத் தொடங்கிய 'தி வேர்ல்ட்' கப்பலில் 165 வீடுகள் உள்ளன. அது பெரும் பணக்காரர்களின் சமாச்சாரம். குறைந்த விலையில் இதையே தருகிறோம் என்று வந்த திட்டங்களில் எச்சரிக்கை தேவை. 'லைஃப் அட் சீ' என்ற மூன்றாண்டுப் பயணம் 2023 நவம்பரில் இஸ்தான்புல்லிலிருந்து கிளம்புவதாக இருந்தது. கப்பலை வாங்க முடியாமல் அந்த மாதமே ரத்தானது. வீட்டை விற்றுவிட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். 'வில்லா வீ ஒடிசி' 2024 மே மாதம் பெல்ஃபாஸ்ட்டிலிருந்து புறப்பட வேண்டியது. பழுதுபார்ப்பு இழுத்துக்கொண்டே போய் செப்டம்பர் கடைசியில்தான் நகர்ந்தது. அது 1993-இல் கட்டிய கப்பல். புதுப் பெயின்டைப் பார்த்து வயதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, உலகம் சுற்றும் நீண்ட பயணம். பெரும்பாலானவை ஜனவரியில் கிளம்பி ஏப்ரல், மே வாக்கில் முடியும். ராயல் கரீபியன் 2023 டிசம்பரில் தொடங்கிய பயணம் 274 இரவுகள் ஓடியது. ஆனால் அந்த நீளம் விதிவிலக்கு.

மூன்றாவது, ஒரே கப்பலில் அடுத்தடுத்த பயணங்களை ஒட்டி ஒட்டிப் புக் செய்வது. ஆண்டுக்கணக்கில் கப்பலில் வாழ்பவர்களில் பலர் இப்படித்தான் வாழ்கிறார்கள். ஒரு பயணம் பிடிக்கவில்லை என்றால் அடுத்ததை மாற்றிக்கொள்ளலாம். நெல்லைக்காரர்களுக்கு இந்த மூன்றாவதும், அதோடு இடையிடையே ஊருக்குத் திரும்புவதும்தான் ஒத்துவரும். ஏன் என்பது விசாக் கேள்வியில் புரியும்.

தம்பதிக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் தங்கும் அறையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 120 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொண்டால் 365 நாளுக்கு 87,600 டாலர். பணியாளர் அன்பளிப்பு என்று கப்பலே தினமும் கணக்கில் ஏற்றும் தொகை ஆளுக்கு 17 டாலர் என்றால் 12,410. ஒரு வைஃபை இணைப்பு நாளுக்கு 20 டாலர் வீதம் 7,300. மொத்தம் 1,07,310 டாலர். டாலர் 90 ரூபாய் என்று பார்த்தால் சுமார் 96 லட்சத்து 58 ஆயிரம். இதில் விமான டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், கரையில் இறங்கிச் சுற்றும் செலவு எதுவும் சேரவில்லை.

விளம்பரத்தில் போடும் விலையில் துறைமுக வரியும் அன்பளிப்பும் சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். சேராத விலையைக் காட்டித்தான் "முதியோர் இல்லத்தைவிட மலிவு" என்று சொல்கிறார்கள். அது அமெரிக்க முதியோர் இல்லத்தோடு ஒப்பிட்ட கணக்கு. நம் ஊர் வாடகைக்கும் சமையல்கார அம்மாவின் சம்பளத்துக்கும் அது கிட்டவே வராது.

தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ரிசர்வ் வங்கித் திட்டமான எல்.ஆர்.எஸ்.-இன் வரம்பு ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். எனவே வரம்பு தடையாக இருக்காது. இந்திய ஏஜென்ட் வழியாகப் பயணத் தொகுப்பு வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. அது தனி வரி அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.

தனி ஆளாகப் போனால் பாதிச் செலவுதானே?

இல்லை. அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் விலை வைப்பதால் தனி ஆளிடம் பெரும்பாலும் இரண்டு பேருக்கான கட்டணத்தையே வாங்குவார்கள். சில கப்பல்களில் ஒற்றை அறைகள் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும்.

விசா எப்படி? கப்பலிலேயே தங்கிவிட்டால் தேவையில்லையே?

இந்த ஒரு தவறான எண்ணத்தால் ஏறும் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பயணப் பாதையிலுள்ள நாடுகளுக்கான விசா எல்லாம் கையில் இருந்தால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றும். "நான் அங்கே இறங்க மாட்டேன்" என்ற வாதம் எடுபடாது.

ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விசா. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் உள்ளே இருக்கலாம். மத்தியதரைக் கடலில் ஓடும் கப்பல் இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் என்று சுற்றிவிட்டுத் துருக்கிக்கோ துனிசியாவுக்கோ போய்த் திரும்பும். அப்படித் திரும்புவது இரண்டாவது நுழைவு. ஒற்றை நுழைவு விசா எடுத்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். எனவே பலமுறை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும். குரோஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. 'அங்கே போனால் நாள் கணக்கு நிற்கும்' என்ற பழைய யோசனை இனி செல்லாது. பிரிட்டனுக்கும் துருக்கிக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும். அதுவும் நாம் வசிக்கும் ஊருக்குரிய மையத்தில், நமக்கென்றால் சென்னையில். ஜனவரியில் கப்பலேறி செப்டம்பரில் ஐரோப்பாவை அடையும் திட்டம் என்றால், கிளம்பும்போது விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பிக்க முடியும் நேரத்தில் நீங்கள் நடுக்கடலில் இருப்பீர்கள். இதற்கு நல்ல தீர்வு, முன்கூட்டியே நீண்ட கால விசா சேர்ப்பது. 2024 ஏப்ரல் முதல் இந்தியர்களுக்கு ஒரு படிமுறை இருக்கிறது: முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டு விசா கிடைக்கலாம், அதன் பிறகு ஐந்தாண்டு. ஆகவே கப்பல் வாசத்துக்கு இரண்டு வருடம் முன்பே மகன் வீட்டுக்கோ சுற்றுலாவுக்கோ இரண்டு தடவை ஐரோப்பா போய் வருவது வீண் செலவல்ல.

அமெரிக்காவுக்கு, சுற்றுலாவுக்கும் தொழில் நிமித்தமும் போகிறவர்களுக்கான பி1/பி2 விசா. அது பத்து வருடம் செல்லும் என்பதால், மயாமியில் ஏறி இறங்கிக்கொண்டே பத்து வருடம் இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். விசா செல்லுபடியாகும் காலம் வேறு, உள்ளே இருக்க அனுமதித்த காலம் வேறு. வழக்கமாக ஒரு நுழைவுக்கு ஆறு மாதம் தருவார்கள். பக்கத்துத் தீவுகளுக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பினால் புது ஆறு மாதம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பழைய கணக்கே தொடரலாம். வாராவாரம் திரும்பி வரும் முதியவரை அதிகாரி, "அமெரிக்காவில்தான் குடியிருக்கிறீர்களா?" என்று கேட்டால், ஊரில் வீடும் பென்ஷனும் இருப்பதற்கான காகிதம் கையில் இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் எடுக்கும்போது 36 பக்கம் அல்ல, 60 பக்கப் புத்தகமாகக் கேளுங்கள். திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே முடியும். பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்பது பொது விதி. இரண்டு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துவிட்டே கிளம்புங்கள். கப்பல் ஒரு ஊரில் எட்டு மணி நேரம் நிற்கும். அதற்குள் எந்தத் தூதரகமும் புதிய பாஸ்போர்ட் தராது.

பயணங்களை ஒட்டிப் புக் செய்யும்போது எங்கே தவறு நடக்கும்?

ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும் நாளில் தொடர்ந்து தங்குபவர்களுக்குத் தனி அட்டை தருவார்கள். சில துறைமுகங்களில் எல்லோரும் கீழே இறங்கிக் குடியேற்றச் சோதனை முடித்துத் திரும்ப ஏற வேண்டும். ஒரே அறை எண் கிடைக்கும்படி ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்டும் வேலைதான்.

அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல், தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொடாமல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றியவரை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. சியாட்டில் முதல் வான்கூவர் வரை ஒரு பயணம், அதே கப்பலில் வான்கூவர் முதல் லாஸ் ஏஞ்சலிஸ் வரை இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக இரண்டும் சரி. ஒருவரே இரண்டையும் ஒட்டி வாங்கினால் மீறல். கனடா, மெக்சிகோ, பெரும்பாலான கரீபியத் தீவுகள் 'தொலைதூரம்' என்ற கணக்கில் வராது. இணையத்தில் புக் செய்யும்போது கணினி இதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டு, பிறகு ஒரு பயணத்தை ரத்து செய்வதும் நடக்கிறது.

எந்த அறை நல்லது?

கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, கீழ்த்தளம். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளமாகப் பாருங்கள். நடன அரங்குக்குக் கீழே அறை எடுத்தவர் இரவு இரண்டு மணிக்கு வருந்துவார். சன்னல் இல்லாத உள்ளறை சுமார் 150 சதுர அடிதான். ஒரு வாரத்துக்குத் தாங்கும், ஒரு வருடத்துக்கு மனசு தாங்காது. பால்கனிக்குக் காசு இல்லையென்றால் சன்னலாவது இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நாங்கள் சுத்த சைவம்.

சைவம் கிடைக்கும். ஆனால் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் முட்டை வரும், கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்த சூப்பும் வரலாம். புக் செய்யும்போதே 'இந்திய சைவ உணவு' என்று எழுத்தில் பதியுங்கள். ஏறிய அன்றே உணவுக்கூடத் தலைமைப் பரிமாறுநரைப் பார்த்துப் பேசுங்கள். முந்தைய இரவே மறுநாள் மெனுவைக் காட்டிக் குறித்துக்கொள்வார்கள். கேட்க வேண்டியவை: சோறு எதில் வேகிறது, தாய்லாந்துக் குழம்பில் மீன் சாறு இருக்கிறதா, தயிரிலும் இனிப்பிலும் ஜெலட்டின் இருக்கிறதா. பல கப்பல் சமையலறைகளில் இந்தியச் சமையல்காரர் இருப்பார். அவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் பனீரும் பருப்பும்தான். சொதியையும் கூட்டாஞ்சோற்றையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். புழுங்கலரிசிச் சோறு கிடைக்காது, பாசுமதிதான்.

பொடியும் ஊறுகாயும் கொண்டு போகலாமா? விளக்கேற்றலாமா?

கடையில் வாங்கிய, முத்திரை உடையாத பாக்கெட்டுகளைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிக்கும். வீட்டில் இடித்த பருப்புப் பொடியை எடுத்துவிடுவார்கள், எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும். ரைஸ் குக்கர், கெட்டில், வாட்டர் ஹீட்டர் சுருள், இஸ்திரிப் பெட்டி, மின் அலை தடுப்பான் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி எல்லாம் தடை. எக்ஸ்ரேயில் தெரிந்தால் பறிமுதல் செய்து, பயணம் முடியும்போதுதான் தருவார்கள். கப்பலில் பயப்பட வேண்டிய முதல் விஷயம் தீ. அதனால் ஊதுபத்தி, கற்பூரம், எண்ணெய் விளக்கு எதுவும் அறையில் கூடாது. பேட்டரி எல்.இ.டி. விளக்கோடு சாமி கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கப்பலுக்குள் அனுமதித்தது கரையில் அனுமதி ஆகாது. கசகசாவை சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். குருமா மசாலா பாக்கெட்டில் கசகசா இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டே பெட்டியில் வையுங்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதை, பால் பொருள், பழம் எல்லாவற்றிலும் கறார். நெய் சொட்டும் அல்வாவாக இருந்தாலும் படிவத்தில் எழுத வேண்டும். கப்பலில் எடுத்த ஆப்பிள் ஒன்று கைப்பையில் மறந்து கிடந்தாலே நியூசிலாந்தில் அந்நாட்டுப் பணத்தில் 400 டாலர் அபராதம்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

கப்பலில் மருத்துவர், நர்ஸ், எக்ஸ்ரே, சிறு ஆய்வகம், வென்டிலேட்டர் இருக்கும். நெஞ்சுவலிக்காரரைக் கரை சேரும்வரை தாங்கிப் பிடிக்க அது போதும். அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், பல் வைத்தியம் பொதுவாகக் கிடையாது. கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஹெலிகாப்டரும் வராது. பசிபிக்கைக் கடக்கும் பயணங்களில் நாலைந்து நாள் தொடர்ந்து கரையே இருக்காது. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகாதவர் அந்தப் பாதையைத் தவிர்ப்பது நல்லது.

கப்பல் மருத்துவர் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். முதலில் கட்டிவிட்டு, பிறகு இன்சூரன்ஸில் கேட்க வேண்டும். ரசீதுடன் மருத்துவர் குறிப்பையும் அன்றே வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

இன்சூரன்ஸ்தான் நீண்ட வாசத்தின் உண்மையான எல்லை. ஆண்டு முழுவதற்குமான பலபயண பாலிசியில்கூட ஒரு பயணத்துக்கு 30, 45, 60 நாள் என்று உச்சவரம்பு இருக்கும். ஒற்றைப் பயண பாலிசி பெரும்பாலும் 180 நாள் வரை. இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன் வாங்கினால்தான் செல்லும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பதை மறைத்து பிரீமியத்தில் மிச்சம் பிடித்தால், கோரிக்கை வரும்போது அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். 'உல்லாசக் கப்பல் பயணம்', 'அவசர மருத்துவ இடமாற்றம்', 'உடலைத் தாயகம் அனுப்புதல்' என்ற மூன்று வரிகளும் பாலிசியில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

மருந்தை மூன்று மாதத்துக்கு வைத்துக்கொண்டு, மருத்துவர் சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் வேதிப்பெயரையும் எழுதி வாங்குங்கள். தூக்க மாத்திரை, வலி மருந்தான டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு அமீரகம், ஜப்பான் போன்ற நாடுகளில் முன் அனுமதி வேண்டியிருக்கும். அறையிலுள்ள சிறு குளிர்பெட்டி இன்சுலினுக்குப் போதுமான குளிர்ச்சி தராது. மருந்துக்கான குளிர்பெட்டி வேண்டும் என்று முன்பே கேட்டால் தருவார்கள், பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கும் டப்பாவும் சேர்த்து. கப்பல் கடிகாரத்தை இரவோடு இரவாக மாற்றுவார்கள். மாத்திரைக்கு இந்திய நேரத்தில் ஓடும் தனிக் கைக்கடிகாரம் வைத்துக்கொள்வது எளிய வழி.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் பரவும் நோரோவைரஸ் கப்பலில் அடிக்கடி தலைகாட்டும். கை சுத்திகரிப்பு ஜெல் அதற்கு அவ்வளவாகக் கேட்காது, சோப்புப் போட்டுக் கழுவுவதுதான் காப்பு. வந்தால் அறையை விட்டு வெளியே விடமாட்டார்கள்.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளைத் தொட்டுத் திரும்பினால் தடுப்பூசிச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் இந்தியாவில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். அரசு அனுமதித்த மையங்களில்தான் போடுவார்கள், சென்னை கிண்டி கிங் நிலையம் அதில் ஒன்று. 60 வயதுக்கு மேல் பக்கவிளைவு ஆபத்து கூடுதல் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

பேங்க் ஓ.டி.பி. வருமா?

நடுக்கடலில் சிம் கார்டு கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டால் பில் தலைசுற்ற வைக்கும். ஏறியதும் விமானப் பயன்முறை, அதன் பிறகு வைஃபை மட்டும். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி. துறைமுகத்தில் ரோமிங் பிடிக்கும்போதுதான் வரும். கிளம்பும் முன் மின்னஞ்சலுக்கும் ஓ.டி.பி. அனுப்பும்படி வங்கியில் மாற்றுங்கள். மின்கட்டணம், பாலிசி தவணை எல்லாவற்றையும் தானாகக் கழியும்படி வையுங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத பிரீபெய்டு சிம் ரத்தாகலாம். எண் போனால் ஆதாரும் வங்கியும் சேர்ந்தே மாட்டும்.

வருமான வரியும் பென்ஷனும்?

182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தாலே என்.ஆர்.ஐ. என்பது அரைகுறைத் தகவல். அந்த நிதியாண்டில் 60 நாளும், முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இந்தியாவில் இருந்தவர் வரிக் கணக்கில் ரெசிடென்ட்தான் (இந்தியவாசி). வெளிநாட்டு வேலைக்கோ இந்தியக் கப்பலின் ஊழியராகவோ போகிறவருக்கு இந்த 60 நாள் விதியில் சலுகை உண்டு, பயணியாகப் போகிறவருக்கு இல்லை. அதற்கும் மேலே, இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை ரெசிடென்ட் என்றே கருதும் விதியும் இருக்கிறது. கப்பல்வாசி அதில் கச்சிதமாகப் பொருந்துவார். ஆடிட்டரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி நாள் எண்ணச் சொல்லுங்கள்.

மத்திய அரசு பென்ஷன்தாரர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும், 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் முதலே தரலாம். 2021 முதல் செல்போனில் முகம் காட்டியே முடிக்கலாம். மாநில அரசு, இ.பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு மாதக் கணக்கு வேறு.

ஊரில் வீட்டை விற்றுவிடலாமா?

கூடாது என்பதே எங்கள் பதில். கப்பல் எந்த அரசுக்கும் முகவரி ஆகாது. பாஸ்போர்ட், ஆதார், வங்கி, வாக்காளர் பட்டியல், விசா விண்ணப்பம் எல்லாம் ஒரு கதவு எண்ணைக் கேட்கும். பெரிய வீடு சுமை என்றால் சின்னதாக ஒரு மாடி வீட்டுக்கு மாறுங்கள். மாடி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணிக் கரையில் தரைத்தளங்கள் முழுகின. பத்திரம், நகை, சான்றிதழ் எதுவும் பூட்டிய தரைத்தள பீரோவில் இருக்கக் கூடாது. வங்கி லாக்கரில் வைத்து, நம்பிக்கையான ஒருவருக்குச் சாவி, தண்ணீர் மோட்டார், வரி ரசீது அளவுக்கு மட்டும் பொறுப்புக் கொடுங்கள். சொத்தை விற்கும் அதிகாரம் உள்ள பொதுப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடலேறுவது ஆபத்து.

அமாவாசைத் தர்ப்பணம், விரதம்?

திதியை எந்த நேரப்படி எடுப்பது என்பதை உங்கள் வீட்டுச் சாஸ்திரிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பசிபிக்கில் தேதிக்கோட்டை மேற்கு நோக்கித் தாண்டும்போது நாட்காட்டியில் ஒரு நாளே காணாமல் போகும். எள்ளும் தண்ணீரும் பாத்திரத்தில் விடலாம். பால்கனியிலிருந்து கடலில் எதையும் போடக் கூடாது, பூவாக இருந்தாலும். மீறினால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடும் உரிமை கேப்டனுக்கு இருக்கிறது.

துணி துவைக்க?

பிரின்சஸ் கப்பல்களில் நாமே துவைக்கும் இயந்திர அறை உண்டு. ராயல் கரீபியனில் கிடையாது, பைக்கு இவ்வளவு என்று கட்டணம். பால்கனியில் வேட்டி காயப்போடக் கூடாது.

கப்பலில் இறந்துவிட்டால்?

கேட்கத் தயங்கும் கேள்வி, ஆனால் கேட்க வேண்டியது. கப்பலில் சிறிய பிணவறை இருக்கும். வசதியுள்ள துறைமுகத்தில் உடலை இறக்கி, உள்ளூர் மரணச் சான்று, உடல் பதப்படுத்திய சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று ஆகியவை வாங்கி விமானத்தில் அனுப்புவார்கள். இதற்கு நாள்கள் ஆகும், செலவு லட்சங்களில். இன்சூரன்ஸில் அந்த வரி இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். அங்கேயே தகனம் செய்து அஸ்தியைக் கொண்டுவரச் சம்மதமா என்பதைக் கணவனும் மனைவியும் முன்பே பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தால், தனியாக நிற்பவருக்கு அந்த நேரத்தில் அது ஒன்றே துணை.

எங்கள் பையன் உல்லாசக் கப்பலில் வேலை பார்க்கிறான். அவனோடு தங்கிக்கொள்ளலாமா?

முடியாது. ஊழியர்கள் நீர்மட்டத்தை ஒட்டிய தளங்களில் பெரும்பாலும் இரண்டு பேர் அறையில் இருப்பார்கள், ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம். உறவினருக்குச் சலுகைக் கட்டணம் தரும் நிறுவனங்கள் உண்டு. அதை வைத்துப் பயணியாகப் போகலாம். அவன் வேலை முடிந்து வந்து பார்ப்பான்.

எப்போது கிளம்பி எப்போது திரும்புவது?

எங்கள் யோசனை இது. புத்தாண்டை ஒட்டிக் கிளம்பும் நீண்ட பயணத்தில் ஏறி மே கடைசியில் திரும்புங்கள். 180 நாள் இன்சூரன்ஸுக்குள் அடங்கும், அக்கினி நட்சத்திர வெயிலும் தப்பும். ஜூன், ஜூலையில் குற்றாலச் சீசனும் நெல்லையப்பர் ஆனித் தேரும். அந்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, பல், கண், விசாப் புதுப்பிப்பு எல்லாம் முடித்து, ஆகஸ்டில் மத்தியதரைக் கடலுக்கு 80 நாள் போய்விட்டு நவம்பருக்குள் ஊர் வந்தால், உயிர்வாழ் சான்றும் முடியும், மழைக்கு வீட்டிலும் ஆள் இருக்கும்.

ஏறும் துறைமுகத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை வழியாகப் போனால் இணைப்பு விமானம் தவற வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு விமானத்துக்கு நாகர்கோவில் வழியாகச் சுமார் 150 கி.மீ. போய்த் திருவனந்தபுரத்தில் ஏறுவது பலருக்கு எளிது. இதெல்லாம் தொடங்குவதற்கு முன், மும்பையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ நாலைந்து நாள் பயணம் ஒன்று போய்ப் பாருங்கள். தலைசுற்றல் மாத்திரையைக் கப்பல் நகர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பாதிப் பலன்தான்.